நோயுற்ற நாய் ஊரின் பொறுப்பு

தெருநாய் பற்றிய பேச்சில் தமிழ்நாடு இன்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பிள்ளையைத் தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாக அனுப்ப அஞ்சும் பெற்றோர், கையில் கம்போடு நடைப்பயிற்சிக்குப் போகும் முதியவர், இரவுப்பணி முடிந்து வண்டியில் திரும்பும்போது துரத்தப்படும் தொழிலாளி ஆகியோர் ஒரு பக்கம். தெருவில் பிறந்து வளரும் உயிருக்கும் ஒரு பிடி சோறும் ஒரு வாய்த் தண்ணீரும் உண்டு என்று நினைப்பவர்கள் மறுபக்கம். டெல்லித் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவை, கண்டதாக ஐயத்துக்கு உரியவை, மூர்க்கமானவை ஆகியவற்றை விடக் கூடாது என்றது. அதன் பிறகு குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் தொடங்கி மாமன்றக் கூட்டங்கள் வரை இந்த வாதம் சூடேறிக் கிடக்கிறது.

இந்த இரு தரப்பும் சண்டையை நிறுத்தி ஒன்றாக நிற்க வேண்டிய தருணம் ஒன்று உண்டு. ஒரு நாய்க்குத் திடீரென்று கடும் நோயின் அறிகுறி தெரியும் தருணம் அது. நாயை நேசிப்பவருக்கு அந்த நாயின் உயிர் பெரிது. நாய்க்கு அஞ்சுபவருக்குத் தன் பிள்ளையின் உயிர் பெரிது. இரண்டையும் காப்பது ஒரே வேலைதான்: அறிகுறியை உடனே கண்டுகொள்வது, பாதுகாப்பாக நடந்துகொள்வது, உரியவரிடம் தாமதமின்றித் தகவலைச் சேர்ப்பது. நோயுற்ற நாயைக் கவனிக்கும் தெருவில் நாய்களும் பிழைக்கின்றன, மனிதர்களும் பிழைக்கிறார்கள்.

இப்போது நடப்பது வேறு. வாயில் நுரை தள்ளித் தள்ளாடும் நாயைக் கண்டதும் சிலர் கல்லெடுக்கிறார்கள். சிலர் இரக்கத்தில் வெறுங்கையால் தூக்குகிறார்கள். பெரும்பாலோர் கதவைச் சாத்திக்கொண்டு, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறோம். கல்லெறி அந்த நாயை அடுத்த தெருவுக்கு விரட்டி, ஆபத்தையும் அங்கே அனுப்புகிறது. வெறுங்கை இரக்கம் இரங்கியவரையே ஆபத்தில் தள்ளுகிறது. சாத்திய கதவோ முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்குகிறது. பல நோய்களில் அந்த ஒரு மணி நேரம்தான் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கிறது.

அறிகுறிகளைப் படிக்கக் கற்போம்

நாய் தன் வலியைக் கூடியவரை மறைக்கும் பிராணி. அது வெளியே தெரியும்படி துவண்டுவிட்டது என்றால் நோய் முற்றிவிட்டது என்றே கொள்ள வேண்டும். 'நாளைக் காலை பார்க்கலாம்' என்ற சொல்லை மறக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு.

முதலில் ஈறு. உதட்டை லேசாக உயர்த்திப் பார்த்தால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்த இழப்பாகவோ ரத்தச் சோகையாகவோ இருக்கலாம். நீலம் பாய்ந்திருந்தால் மூச்சு போதவில்லை என்று பொருள். மஞ்சளித்திருந்தால் கல்லீரலை ஐயுற வேண்டும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் ரத்த ஓட்டம் தளர்ந்துவிட்டது. இந்தச் சோதனை நம் வீட்டில் பழகிய, வழக்கம்போல் நடந்துகொள்ளும் நாய்க்கு மட்டும். நடத்தை மாறிய நாயின் வாயருகே யாருடைய கையும் போகக் கூடாது.

அடுத்தது வயிறு. குட்டி நாய் சாப்பிட மறுத்து, வாந்தி எடுத்து, ரத்தம் கலந்து நாற்றமெடுக்கக் கழிந்தால் அது பெரும்பாலும் பார்வோ வைரஸ். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய இந்த நோய், தடுப்பூசி போடாத குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். நீரிழப்பை ஈடுகட்ட உடனே ரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்றினால் பல குட்டிகள் பிழைக்கின்றன. பெரிய உடல் கொண்ட, மார்பு ஆழமான நாய், வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. அதுவும் மணிக்கணக்கில் காத்திருக்காது.

மூன்றாவது வெப்பம். நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும் என்பதால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை முடிவு செய்ய முடியாது. ஆனால் கோடை வெயிலில் மொட்டைமாடியிலோ தகரக் கொட்டகையிலோ கட்டப்பட்ட நாய், மூச்சிரைத்து, எச்சில் கெட்டியாக ஒழுக, கால் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்குக் கீழே கிடத்தி, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வாயில் வலிந்து தண்ணீர் புகட்டக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

நான்காவது வலிப்பு. வலிப்பில் கிடக்கும் நாய் நாக்கை விழுங்கிவிடாது. வாய்க்குள் கையோ கரண்டியோ கொடுப்பவர்தான் கடிபடுகிறார். சுற்றியுள்ள பொருட்களை நகர்த்திவிட்டு, கூட்டத்தை விலக்கி, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ அது அவசர நிலை.

மூக்கில் ரத்தம் வடிவதும் கறுத்த சிறுநீரும் உண்ணிகள் பரப்பும் காய்ச்சலாக இருக்கலாம். மழைக்காலத்தில் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். இது நாயின் சிறுநீர் வழியே மனிதருக்கும் தொற்றும். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்த சில வாரங்களில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்துச் சோர்ந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். பெயர்களை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. 'இது வழக்கமில்லை, இது காத்திருக்காது' என்று உணர்வது நம் வேலை.

வெறிநோயும் அதைப் போலத் தோன்றுபவையும்

எல்லா அச்சத்துக்கும் அடியில் இருப்பது வெறிநோய். அந்த அச்சம் நியாயமானது. அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரையோ நாயையோ மீட்க இன்று வரை மருந்து இல்லை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயால் இறக்கிறார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள். மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் வரை நாய் வழியே வருகிறது. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. வெறிநோயால் 43 பேர் இறந்தார்கள். தடுப்பூசி கையில் இருக்கும் நோய்க்கு இத்தனை உயிர்களைக் கொடுத்திருக்கிறோம்.

வெறிநோய் என்றதும் எல்லோரையும் துரத்திக் கடிக்கும் நாய்தான் நம் மனத்தில் வருகிறது. அது ஒரு வடிவம் மட்டுமே. இன்னொரு வடிவத்தில் நாய் அமைதியாக இருள் மூலையில் ஒதுங்கும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரைப்பின் ஒலி மாறும். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் தோன்றும். இரக்கமுள்ள ஒருவர் எலும்பை எடுக்கலாம் என்று வாய்க்குள் கையை விடுவார். நல்ல மனம் கொண்டவர்கள் தங்களை அறியாமல் ஆபத்துக்குள் போகும் வழி இது. தாடை தொங்கும் நாயின் வாய்க்குள் கை விடவே கூடாது என்பதைப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை அறிந்திருக்க வேண்டும். இன்னொரு தவறான நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. தண்ணீர் குடிக்கிறது, ஆகவே வெறிநோய் இல்லை என்று சொல்வார்கள். தண்ணீரைக் கண்டு மிரள்வது மனித நோயாளியிடம் காணும் அறிகுறி. நாய் தண்ணீர் குடிப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மறுபக்கம், வெறிநோய் போலத் தோன்றி வெறிநோயாக இல்லாதவையும் பல. டிஸ்டெம்பர் நோயில் நாயின் கண்ணிலும் மூக்கிலும் சளி வடியும், கால் தசை துடிக்கும், தாடை மெல்லுவதுபோல் அசைந்து நுரை தள்ளும். இது மனிதருக்குத் தொற்றாது. பூச்சிமருந்து உண்ட நாய்க்கும் நுரை தள்ளும், உடல் நடுங்கும். சில வகைப் பூச்சிமருந்துகளுக்கு அட்ரோபின் என்ற முறிமருந்து உண்டு, நேரத்தில் கிடைத்தால் பிழைக்கும். தலையில் அடிபட்ட நாயும் தள்ளாடும், நெருங்கினால் கடிக்க வரும். வெளிப்பார்வைக்கு இவை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். நாய் இறந்த பிறகு மூளைத் திசுவைச் சோதித்தால்தான் வெறிநோயை உறுதியாகச் சொல்ல முடியும். ஆகவே ஐயத்துக்குரிய நாயிடம் இரண்டு விதிகளும் சேர்ந்தே பொருந்தும். வெறிநோயாக இருக்கலாம் என்று எண்ணி விலகி நிற்க வேண்டும். வெறிநோயாக இல்லாமலும் இருக்கலாம் என்று எண்ணி அடித்துக் கொல்லாமல் இருக்க வேண்டும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, வெறிநோய் ஐயமுள்ள நாயைப் பற்றிய புகார் வந்தால் உள்ளாட்சி அமைப்பு அதைப் பிடித்துத் தனிமைப்படுத்த வேண்டும். கால்நடை மருத்துவரும் விலங்கு நல அமைப்பின் பிரதிநிதியும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வெறிநோய் கண்ட நாய் பொதுவாகப் பத்து நாளுக்குள் இறந்துவிடும். அந்தப் பத்து நாளும் அது யாரையும் கடிக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும். தெருமக்கள் தடியால் அடித்துத் தீர்த்தால் அந்த நாய் எத்தனை பேரைக் கடித்தது, எத்தனை நாய்களைக் கடித்தது என்ற தகவல் அதோடு புதைந்துபோகும். தப்பிய நாய் வேறு தெருவில் திரியும்.

கடியோ கீறலோ பட்டுவிட்டால் செய்ய வேண்டியதில் குழப்பமே வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ போய் ஊசியைத் தொடங்க வேண்டும். அங்கே இது இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. ஆழமான காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவார்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது நல்லது. ஆனால் அதைச் சாக்காக வைத்து முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டு நாய், குட்டி நாய், தடுப்பூசி போட்ட நாய் என்ற காரணங்களும் மருத்துவரைப் பார்க்காமல் இருக்கப் போதாது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அந்தப் பழைய பயத்தில் இன்னும் ஊசிக்குப் போகாமல் இருப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வதும் நம் கடமை.

இந்த மருந்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு உரிமையான ஓரிடம் இருக்கிறது. 1885-இல் லூயி பாஸ்டர் பாரிஸில் முதல் முறையாக ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டார். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தடுப்பூசியோடு தொடர்புடைய மாநிலம் இது. இங்கே ஒரு பிள்ளைகூட வெறிநோயால் சாகக் கூடாது.

கைமருந்தும் மருந்துக்கடையும்

வீட்டு நாய்க்கு நோய் வந்தால் நாம் செய்யும் முதல் தவறு, நம் மாத்திரைப் பெட்டியைத் திறப்பது. மனிதருக்கான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தை முடக்கக் கூடியவை. பாராசிட்டமாலும் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். நாயின் உடல் நம் உடலின் சிறிய வடிவம் கிடையாது. மருந்துக்கடைக்காரர்கள் இதில் முக்கியமானவர்கள். 'நாய்க்குக் காய்ச்சல், ஏதாவது கொடுங்க' என்று வருபவரிடம் மாத்திரையைக் கிழித்துக் கொடுப்பதற்குப் பதிலாக, பக்கத்துக் கால்நடை மருந்தகம் எங்கே இருக்கிறது என்று சொன்னால் அது ஓர் உயிரைக் காக்கும் சொல்.

இரண்டாவது தவறு, விஷம் தின்ற நாய்க்கு உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது. அரை நினைவில் இருக்கும் நாய்க்கு வாந்தி நுரையீரலுக்குள் போகும். அமிலமோ மண்ணெண்ணெயோ உண்டிருந்தால் உணவுக்குழாய் இரண்டாம் முறையும் வெந்துபோகும். வாந்தி எடுக்க வைப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நாம் செய்ய வேண்டியது, தின்றதன் உறையையோ மிச்சத்தையோ பையில் போட்டு எடுத்துச் செல்வது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வகை எலிமருந்தில் அறிகுறி சில நாள் கழித்தே தெரியும். 'தின்று இரண்டு நாள் ஆகிறது, நன்றாகத்தானே இருக்கிறது' என்று சும்மா இருந்துவிடக் கூடாது. சாக்லேட், திராட்சை, வெங்காயம், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் ஆகியவையும் நாய்க்கு நஞ்சு என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பாம்பு கடித்த நாய்க்குக் கயிறு கட்டுவதும் காயத்தைக் கீறுவதும். இரண்டும் கேடு. நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுவது ஒன்றே முதலுதவி. மனிதருக்குப் போடும் அதே பாம்பு விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தந்துவருகிறது. நம் மண்ணின் மக்கள் உயிரைப் பணயம் வைத்து எடுக்கும் விஷத்திலிருந்து மருந்து உருவாகிறது. நாம் செய்ய வேண்டியதெல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்வதுதான்.

கொண்டுபோகும் முறையையும் கற்றுக்கொள்ள வேண்டும். பெரிய நாயைப் போர்வையில் கிடத்தி இருவர் நான்கு முனைகளைப் பிடித்துத் தூக்கலாம். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். துணியால் வாயைச் சுற்றிக் கட்டலாம். வாந்தி எடுக்கும், மூச்சுத் திணறும் நாய்க்கு மட்டும் வாயைக் கட்டக் கூடாது. அறிகுறியைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தால், மருத்துவமனை போய்ச் சேரும்போது வலிப்பு நின்றிருந்தாலும் மருத்துவர் பார்த்துப் புரிந்துகொள்வார்.

நஞ்சு வைப்பது குற்றம்

ஒரே தெருவில் ஒரே நாளில் பல நாய்கள் நுரை தள்ளி விழுந்தால் அங்கே யாரோ நஞ்சு வைத்திருக்கலாம். நாய்த்தொல்லையில் வெந்து இப்படிச் செய்பவர்கள் உண்டு. அவர்களுடைய துன்பம் உண்மையானதாக இருக்கலாம்; அந்தச் செயலுக்கு நியாயம் கிடையாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி விலங்கைக் கொல்வதும் நஞ்சிடுவதும் ஊனமாக்குவதும் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. சோற்றில் கலந்து வைத்த நஞ்சு நாயோடு நிற்காது. காக்கை கொத்தும், ஆடு மேயும், விளையாட வந்த குழந்தை தொடும். வெறிநோயையும் அது ஒழிக்காது. தடுப்பூசி போட்ட நாய்களைக் கொன்று வெற்றிடம் உண்டாக்கினால், தடுப்பூசி போடாத நாய்கள் வந்து அந்த இடத்தை நிரப்பும். கொல்வதைக் கைவிட்டு 1996-இல் கருத்தடைத் திட்டத்துக்குச் சென்னை மாநகராட்சி மாறியது இந்த அனுபவத்தால்தான். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையும் நம் பாதுகாப்பும் இங்கே ஒரே திசையில்தான் போகின்றன.

யார் என்ன செய்ய வேண்டும்

பொறுப்பு எல்லோருடையது என்று பொதுவாகச் சொன்னால் அது யாருடையதும் ஆகாது. ஆகவே ஆளுக்கொன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

நாய் வளர்ப்போர்: மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் தவறாமல். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள். மாநகராட்சி கேட்கும் உரிமம். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை நோய் வருவதற்கு முன்பே அறிந்து எழுதி வைப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் வந்த நாயைக் காரில் ஏற்றிப் புறநகர்ச் சாலையில் இறக்கிவிடும் கொடுமையைச் செய்யாமல் இருப்பது. நோயோடு கைவிடப்பட்ட நாய் அந்த ஊருக்கே ஆபத்து.

தெருநாய்களுக்குச் சோறு வைப்போர்: நேற்று வந்த நாய் இன்று வரவில்லை, வந்தும் உண்ணவில்லை, குரல் மாறியிருக்கிறது என்பதை முதலில் அறிபவர் நீங்கள்தான். உங்கள் கண்களே தெருவின் முதல் காவல். சோறு வைப்பதோடு தடுப்பூசிக்குப் பிடித்துக் கொடுப்பதையும் உங்கள் அன்பின் பகுதியாக்குங்கள். காதில் வெட்டுக்குறி இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். கருத்தடை முடிந்ததற்கு அது அடையாளம். இந்த ஆண்டுக்கான தடுப்பூசிக்கு அடையாளம் ஆகாது.

குடியிருப்போர் சங்கங்களும் தெருமக்களும்: சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் நான்கு எண்களை எழுதி வையுங்கள்: உள்ளாட்சியின் புகார் எண் (சென்னையில் 1913), கால்நடைகளுக்கான அவசர எண் 1962, அருகிலுள்ள கால்நடை மருந்தகம், பக்கத்து விலங்கு நல அமைப்பு. ஐயத்துக்குரிய நாயைக் கண்டால் ஒருவர் தள்ளி நின்று கண்காணிக்க, ஒருவர் தகவல் சொல்ல, ஒருவர் பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்ப என்று முன்பே பேசி வையுங்கள். நாய் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் இந்த ஒரு பட்டியலில் சேர்ந்து கையெழுத்திடலாம்.

பள்ளிகள்: வெறிநோய் ஐயமுள்ள விலங்கால் கடிபடுவோரில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். திட்டுவார்கள் என்று பயந்து சிறு கீறலை வீட்டில் மறைக்கும் பிள்ளைகள் எத்தனையோ. 'கடித்தாலும் கீறினாலும் உடனே சொல், யாரும் திட்டமாட்டோம்' என்று ஆசிரியர் வகுப்பில் சொல்லும் ஒரு வாக்கியம் ஒரு தடுப்பூசிக்குச் சமம். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினம். அன்றைய காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம்.

உள்ளாட்சிகள்: விடியும் முன்பே தெருக்களைக் காணும் தூய்மைப் பணியாளர்களுக்கும், நாய் பிடிக்கும் ஊழியர்களுக்கும் வெறிநோய் முன்தடுப்பு ஊசி போட வேண்டும். அவர்கள் தரும் தகவலைப் பதிந்து நடவடிக்கை எடுக்க ஓர் ஆள் வேண்டும். சென்னையில் மட்டும் 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 1.81 லட்சம் தெருநாய்கள் இருக்கின்றன. நோயின் சங்கிலியை அறுக்க நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போய்ச் சேர வேண்டும் என்பது உலகம் ஏற்ற அளவு. ஒரு முறை முகாம் நடத்தி நிறுத்தினால் அந்த அளவைத் தக்கவைக்க முடியாது. பெரும்பாலான கிராம ஊராட்சிகளில் கருத்தடை மையமும் இல்லை, நோயுற்ற நாயைத் தனிமைப்படுத்தும் கூண்டும் இல்லை. பல ஊராட்சிகள் சேர்ந்து ஒன்றிய அளவில் ஒரு மையமாவது அமைக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் இதற்கு ஒரு தீர்மானம் போடும் உரிமை மக்களுக்கு இருக்கிறது.

மாநில அரசு: 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இயங்கும் மாநிலம் இது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கல்லூரிகள் பெருகியிருக்கின்றன. ஆனால் இரவு பத்து மணிக்கு நாய் துவண்டு விழுந்தால் பல மாவட்டங்களில் போவதற்கு இடமில்லை. கால்நடை மருந்தகங்கள் பகலில்தான் திறந்திருக்கின்றன. மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கால்நடை மருத்துவமனையாவது இரவும் திறந்திருக்க வேண்டும். ஆடு மாடுகளை மனத்தில் வைத்து அமைந்த 1962 சேவையில் நாயின் அவசர நிலைக்கும் தெளிவான இடம் வேண்டும். நாய்க்கடி பார்க்கும் பொதுச் சுகாதாரத் துறையும் நாயைப் பார்க்கும் கால்நடைத் துறையும் ஒரே பதிவேட்டைப் பகிர வேண்டும். ஒரு நாய் வெறிநோயில் இறந்தால், அது கடித்தவர்கள் யார் யார் என்று அன்றே தேடிப் போகும் ஏற்பாடு வேண்டும்.

முடியும் என்பதற்குச் சான்று

இது ஆசைப் பட்டியல் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். நம் நாட்டின் கோவாவில் இது நடந்திருக்கிறது. அங்கே அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆண்டுதோறும் சுமார் 95,000 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டன. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பாடம் சொல்லின. மூன்றாவதாக, நோயுற்ற நாயைக் கண்டால் யாரும் தெரிவிக்க ஓர் அழைப்பு எண்ணும், அழைத்ததும் புறப்படும் ஒரு குழுவும் ஏற்படுத்தின. நாய்களிடையே வெறிநோய் 92 சதவீதம் குறைந்தது. 2021-இல் அந்த மாநிலம் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அந்த மூன்றாவது கூறுதான் இங்கே நாம் மறந்துவிட்ட கூறு. தடுப்பூசியைப் பற்றிப் பேசுகிறோம், காப்பகத்தைப் பற்றிப் பேசுகிறோம். நோயுற்ற ஒரு நாயைக் கண்டவுடன் யாரிடம் சொல்வது, சொன்னால் யார் வருவார் என்பதைப் பேசுவதில்லை.

2030-க்குள் நாய் வழி வெறிநோயை ஒழிப்போம் என்று 2021 செப்டம்பர் 28 அன்று ஒன்றிய அரசு செயல்திட்டம் வெளியிட்டது. அதற்கு மிச்சமிருக்கும் காலம் குறைவு. டெல்லியில் தீட்டும் திட்டம் நம் தெருவில் நிறைவேற, நம் தெருவில் ஆள் வேண்டும்.

தெருநாய்கள் எத்தனை இருக்கலாம், எங்கே இருக்கலாம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு நீடிக்கட்டும். அதை நீதிமன்றமும் மன்றங்களும் பேசித் தீர்க்கட்டும். நோயுற்ற நாய் விஷயத்தில் மட்டும் இந்த வாரமே ஓர் உடன்பாட்டுக்கு வருவோம். கல்லெறிய மாட்டோம், வெறுங்கையால் தொட மாட்டோம், கதவைச் சாத்த மாட்டோம், உடனே தகவல் சொல்வோம். கடிபட்டவரை அன்றைக்கே ஊசிக்கு அழைத்துச் செல்வோம். உங்கள் தெருவின் அறிவிப்புப் பலகையில் அந்த நான்கு எண்களை இன்று மாலைக்குள் எழுதி வையுங்கள்.